கர்னலின் கூரைக்கு மேலே

சால்ட்டர் ஊரில் பேஸ்பால் ஆட்டக்காரன் ஆர்லிஸ் டாக்கெட் வேலிக்கு வெளியே அடித்த ஹோம் ரன்கள் ஒன்றுகூடத் தரைக்கு வரவில்லை. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும், வலப்பக்க வேலியைத் தாண்டும், வேலிக்கு அப்பால் இருந்த கர்னல் ப்ரூவிட்டின் இறைச்சி ஆலைக்கு மேலே போய், ஊர்த் தண்ணீர்த்தொட்டி உயரத்தில் அப்படியே நின்றுவிடும். முதல் பந்து நின்றது மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பருத்தி ராத்தல் முப்பத்தாறு சென்ட்டுக்குப் போனது, கன்றுக்குட்டி விலை சற்று இறங்கியிருந்தது, மேற்கிலிருந்து வழக்கமான புழுதிக்காற்று. நடுவர் முகமூடியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். வேலியைத் தாண்டியதா, தாண்டியது. கோட்டுக்கு உட்பட்டுத்தான் போனதா, போனது. தாண்டிய பந்து விழுந்தே ஆகவேண்டும் என்று விதிப்புத்தகத்தின் எந்த மூலையிலும் எழுதியிருக்கவில்லை. அவர் விரலைச் சுழற்றி ஹோம் ரன் என்று அறிவித்துவிட்டு, இன்னொரு பந்தை எடுத்துப் போடச் சொன்னார். மறுநாள் காலையிலும் அது அங்கேயே இருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு புறா அதன்மேல் உட்கார்ந்து பார்த்தது, வழுக்கவில்லை. அதோடு ஊருக்கு விஷயம் பழகிவிட்டது.

பருவம் முடிவதற்குள் ஆலைக் கூரைக்கு மேல் யாரோ கடுகு தாளித்து, வெடித்ததெல்லாம் பாதி வழியில் நின்றுவிட்டதுபோல ஒரு கூட்டம். வயலுக்கு மருந்தடிக்கும் விமானக்காரன் சுற்றிப்போகக் கற்றுக்கொண்டான். ஆலை ஆட்கள் மதியச் சாப்பாட்டு டப்பாவை அந்தப் பந்துகளின் குட்டி நிழல்களில் பார்த்து வைத்தார்கள். உள்ளூர் வானொலியில் ஆட்டத்தை வர்ணிக்கும் டப் ஸீலி அதுவரை "போகுது, போகுது, போயிருச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தவர், பொய் சொல்லவேண்டாமே என்று பாதிரியார் கேட்டுக்கொண்டதால் "போகுது, போகுது, நிக்குது!" என்று மாற்றிக்கொண்டார். கர்னலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எந்தப் பட்டாளத்திலும் ஒருநாளும் இருந்திராத அந்தக் கர்னலுக்கு ஆலையும் சொந்தம், பேஸ்பால் அணியும் சொந்தம். செலவில்லாமல் விளம்பரம் வந்தால் விடுகிற ஆளில்லை. ஆலைச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதிவைத்தார்: 'சால்ட்டருக்கு வந்தது சால்ட்டரை விட்டுப் போகாது.' ஆர்லிஸின் ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும், உப்பிட்டுப் புகையில் வாட்டிய முழுப் பன்றித்தொடை ஒன்று பரிசு என்றும் அறிவித்தார்.

அந்தப் பன்றித்தொடைகளை அடுக்க இடமில்லாமல் தவித்தவள் ஆர்லிஸின் மனைவி வதீஹா. ஊரில் அந்தப் பந்துகளோடு சமாதானமாகாத ஒரே ஆளும் அவள்தான். மெயின் தெருவின் கூரி ஜவுளிக்கடை அவள் அப்பாவுடையது. நசீப் கூரி லெபனான் மலையிலிருந்து வந்து, ஊசியும் நூலும் ரிப்பனும் முதுகில் சுமந்து பண்ணை பண்ணையாக விற்று, பிறகு கடை போட்டவர். அந்தக் கடைக்கு ஒரு முறை உண்டு. துணியை வாடிக்கையாளர் கையில் பிடித்திருக்கிற வரைக்கும் விலை பேசலாம். ஏறும், இறங்கும், இடையில் பேச்சு மழையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் போய்விட்டு வரும். மேஜைமேல் வைத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் ஆண்டவரே வந்து கேட்டாலும் ஒரு காசு குறையாது. பிடிவாதக்காரப் பண்ணைக்காரிகள் கம்பளியைத் தூக்கிப் பிடித்தபடியே அரைநாள் நின்று, தோள்வலியோடு வீடு போனதுண்டு. வதீஹா நடக்கப் பழகியதே அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டுதான். ஆகவே முதல் பந்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் கடைக்குள் நுழைந்ததும் சொன்னாள்:

"பாபா, அது இன்னும் மேஜைக்கு வரலை. யாரோ கையில பிடிச்சிட்டிருக்காங்க."

"யாரு பிடிச்சா நமக்கென்ன பாபா? அந்தப் பட்டன் பெட்டியை இப்படித் தள்ளு" என்றார் நசீப். அவர்கள் வழக்கப்படி மகளையும் அவர் பாபா என்றுதான் கூப்பிடுவார்.

வதீஹாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆர்லிஸ் மேலே போகவேண்டும். மற்ற ஊர்களில் மேலே போய்விட்டான் என்றால் மாலை வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்தத் தொழிலில் மேலே என்றால் பெரிய லீக். சின்ன லீக்கில் ஆடுகிறவன் ஓட்டை பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், இறங்கிய இடத்தில் மட்டையைத் தூக்கவேண்டும். மேலே போனவன் ரயிலில் படுத்துக்கொண்டு போவான், அவன் செருப்பைத் துடைக்கத் தனி ஆள் இருப்பான். ஆர்லிஸுக்கு அப்போது இருபத்தாறு வயது. முப்பதைத் தாண்டியவனைப் பெரிய லீக் திரும்பிப் பார்க்காது. அதற்குள் போகவேண்டும், ஆனால் தானாகப் போகமுடியாது. அணி முதலாளியான கர்னல் அவனைப் பெரிய அணிக்கு விற்றால்தான் உண்டு. கர்னல் விற்காவிட்டால் இங்கே ஆடலாம், இல்லாவிட்டால் எங்கேயும் ஆடாமல் சும்மா இருக்கலாம். சந்தைக்கு ஓட்டிப்போகிற மாட்டுக்காவது தன்னை யார் என்ன விலைக்குக் கேட்கிறான் என்பது காதில் விழும். ஆர்லிஸுக்கு அதுவும் கிடையாது. அவன் அப்பாவி. ஆறடி மூன்றங்குல உயரத்துக்கும் யாரையும் சந்தேகப்படத் தெரியாதவன். சந்தேகப்படுகிற வேலையை வதீஹா எடுத்துக்கொண்டாள். வடக்கே ஏரிக்கரை நகரங்களில் குளிர் எலும்பைக் கடிக்கும் என்று கேள்விப்பட்டு, கடையிலேயே உயர்ந்த கம்பளியை எடுத்து அவனுக்கு ஒரு நீளக் கோட்டு தைத்தாள். நசீப் அதைக் கொள்முதல் விலைக்கே கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் அதற்குமேல் பாசம் காட்ட வழி கிடையாது. தார் உருகும் ஊரில் அந்தக் கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கி, மேலே போகிற நாளுக்காகக் காத்திருந்தது.

வந்தது பிளெட்சோ விருது. சின்ன லீக்குகள் எத்தனை உண்டோ அத்தனையிலும் சேர்த்து அந்த வருடம் அதிக ஹோம் ரன் அடித்தவனுக்கு டிசம்பரில் கொடுப்பது. வால்நட் பீடத்தின்மேல் வெண்கல மட்டை, இஸ்திரிப்பெட்டி கனம். பிளெட்சோ என்பவர் ஒரு காலத்தில் எல்லாரையும்விட அதிகம் அடித்து, ஒருநாள்கூட மேலே கூப்பிடப்படாமல், கடைசியில் ஒரு டயர் கடையில் இருமியே போய்ச் சேர்ந்தவர். அவருடைய விசுவாசத்தைப் பாராட்டி இந்த விருது. விசுவாசம் என்ற சொல்லைப் பீடத்திலேயே பொறித்திருந்தார்கள். நடுப்பருவத்தில் யாராவது மேலே போய்விட்டால் அவன் கணக்கு அங்கேயே நின்றுவிடும், கடைசிவரை கீழேயே கிடந்தவன்தான் ஜெயிப்பான். வதீஹாவுக்கு ஒருதரம் புரட்டிப் பார்த்த உடனேயே சரக்கின் தரம் பிடிபட்டுவிட்டது.

"வித்துப்போகாம கிடக்கிற துணியிலேயே இதுதான் ரொம்ப நல்ல துணின்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்காங்க. அதுக்குப் பேரு விருதா?"

"மரியாதையாத்தானே குடுத்தாங்க வதீ."

"மரியாதையா மூட்டை கட்டிப் பரண்ல போடறாங்க. நீயும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஏறி உக்காந்துக்கோ."

அடுத்த வருடமும் ஆர்லிஸுக்குத்தான் பிளெட்சோ. அதற்கடுத்த வருடமும். ஆலைக்கு மேலே பந்துகள் பெருகின. கோடையில் அந்தத் தெருவுக்கு மட்டும் லேசாக நிழல் விழ ஆரம்பித்தது, வீட்டு வாடகையைக் கொஞ்சம் ஏற்றினார்கள். பெரிய அணிகளின் ஆள்தேடிகள் வைக்கோல் தொப்பியோடு வந்தார்கள், வேலியோரம் நின்று பார்த்தார்கள், பந்து நிற்பதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது தோளும் இடுப்பும். ஒருவர் வதீஹாவிடமே வந்து, "வடக்கே வீடு பார்த்து வெச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, கர்னலின் அலுவலகத்துக்குள் போய்விட்டு வந்தார். வெளியே வந்தவர் அவளைப் பார்க்காமல் காரில் ஏறினார். அதன்பின் யாருமே வடக்கைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் பூனைகூடப் பன்றித்தொடை வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. வதீஹா அதை வறுத்தாள், அவித்தாள், முட்டைக்கோஸில் சுற்றினாள், அண்டை வீடுகளுக்குக் கொடுத்தாள். அவர்கள் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கோட்டை வெயிலில் காயப்போட்டு அந்துப்பூச்சி தட்டினாள். தட்டுகிற சத்தம் ஆலைவரைக்கும் கேட்டது என்று சொல்வார்கள்.

"வருவாங்க வதீ" என்பான் ஆர்லிஸ்.

"வந்துட்டாங்க. உன்னைத் தாண்டிப் பக்கத்து ஊர்ல பாதி அடிச்சவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. உன்கிட்ட என்ன குறைன்னு யாராவது சொன்னாங்களா?"

"அதான் எனக்கும் புரியலை."

"எனக்குப் புரியுது. விலை எங்கேயோ பேசியிருக்காங்க. நம்ம முதுகுக்குப் பின்னால."

ஐந்தாவது பிளெட்சோவைக் கொடுக்க விருதுக்குழுவே சால்ட்டருக்கு வந்தது. ஒரே ஆள் ஐந்து முறை வாங்கியது கிடையாது என்பதால் கர்னல் பெரிய ஏற்பாடு செய்திருந்தார்: ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்த கையோடு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் ஊருக்கே விருந்து. விருந்தும் பன்றித்தொடைதான், மேலே அன்னாசி வளையம் வைத்து. ஆர்லிஸுக்கு அந்தக் கோடையில் முப்பத்தொன்று முடிந்திருந்தது. வதீஹா கறுப்பு உடையில் வந்தாள், யார் வீட்டில் சாவு என்று யாரும் கேட்கவில்லை. நசீப் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்து, என்ன நூல் என்று பார்த்துக்கொண்டிருந்தார். விருதுக்குழுத் தலைவர் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார். வெண்கல மட்டை ஆர்லிஸின் கைக்கு வந்தது. பிறகு கர்னல் எழுந்தார், வயிற்றைத் தடவிக்கொண்டார், நல்ல மனநிலையில் இருந்தார்.

"இன்னிக்கு ஒரு ரகசியத்தைச் சொல்லிடறேன்" என்றார். "இந்தப் பையனைக் கேட்டு ஆள் வந்தாங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை இல்ல. மேல இருந்து, பெரிய பெரிய அணி! நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஐயா, பார்க்கத்தான் மலை மாதிரி இருக்கான், முட்டி போயிருச்சு, மாடிப்படி ஏற மாட்டான்'னு சொல்லிட்டேன்! எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க! ஒருத்தன் அவன் வாழ்க்கையிலேயே பார்க்காத முட்டிக்காக அழுதுட்டே போனான்! சும்மா விடுவேனா உங்க ஆர்லிஸை? நம்ம ஊர்ப் பிள்ளையை?"

மண்டபம் சிரித்தது. இதுதான் சால்ட்டர்க்காரர்கள் செய்த பிழை. உலகத்தில் வேறெந்த ஊரானாலும் ஒருவனாவது தட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்திருப்பான். இவர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள், பாதிரியாரும் தட்டினார், பின்வரிசையிலிருந்து எழுந்துவந்த முடிதிருத்துகிறவர் ஆர்லிஸின் முதுகில் அறைந்து, "குடுத்து வெச்சவன்டா நீ, எங்களை விட்டுப் போகாம பாத்துக்கிட்டாரு பாரு!" என்றார். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் வதீஹாவுக்குக் கடைசிவரை ஆறாத விஷயம். கெட்டவர்களாக இருந்திருந்தால் பேரம் பேசியிருக்கலாம்.

ஆர்லிஸ் வெண்கல மட்டையோடு நின்றுகொண்டிருந்தான். முகம் தெளியவில்லை. கனமாக இருந்ததால் வைக்க ஓர் இடம் தேடி மேஜைப்பக்கம் குனிந்தான்.

"கீழ வெக்காதே!" என்றாள் வதீஹா.

கைதட்டல் துண்டு துண்டாக நின்றது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கடையில் பத்து கெஜம் வெட்டச் சொல்கிற குரல்.

"என்ன விலைக்குக் கேட்டாங்க, கர்னல்?"

"விலையெல்லாம் எதுக்கும்மா இப்போ? வீட்டுப் பிள்ளைக்கு விலை பேசுவாங்களா?"

"வீட்டுப் பிள்ளைக்கு முட்டி நொண்டின்னு ஊர் ஊராச் சொல்லுவாங்களா?"

"அன்பாலதாம்மா சொன்னேன். ஊரே சாட்சி."

"ஊரு சாட்சிதான். இப்பத்தான் கைதட்டிக் கையெழுத்துப் போட்டுச்சு."

கர்னல் சிரித்துப் பார்த்தார், யாராவது கூடச் சிரிப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். அப்போது ஆர்லிஸ் வாயைத் திறந்தான். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"முதல்ல எப்போ வந்தாங்க, கர்னல்?"

"அது ஆச்சே தம்பி... உனக்கு இருபத்தேழு இருக்கும். ரெண்டாவது பிளெட்சோவுக்கு முன்னாடி."

ஆர்லிஸ் மட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். கழுத்திலிருந்து ஒரு சிவப்பு ஏறிக் காதுவரை போனது. ஊரில் யாரும் அதுவரை அவன் முகத்தில் அந்த நிறத்தைப் பார்த்ததில்லை, அவனே பார்த்ததில்லை. இருபத்தேழு என்று ஒருதரம் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். வதீஹாவும் பார்த்தாள். ஓரத்தில் இருந்த நசீப் மேஜை விரிப்பை விட்டுவிட்டார்.

"இப்ப வை" என்றாள் அவள்.

ஆர்லிஸ் நாலு எட்டு நடந்து, வெண்கல மட்டையைக் கர்னலின் தட்டில், அன்னாசி வளையத்துக்கு நடுவில் வைத்தான். பேரம் முடிந்தது. அப்புறம் ஊரின் கிழக்கே தகரம் ஒன்று கிழிகிற சத்தம் வந்தது.

பந்துகள் அடித்த வரிசையிலேயே இறங்கின. செவ்வாய்க்கிழமைப் பந்து முதலில், புறா போட்ட எச்சம்கூட அதே இடத்தில் இருக்க. ஐந்து வருடம் மேலே நின்ற வேகம் ஒவ்வொன்றிலும் அப்படியே இருந்தது. கூரையைத் துளைத்தன, பனிக்கட்டி இயந்திரத்தைத் துளைத்தன, கொக்கியில் தொங்கிய பன்றித்தொடைகளை வரிசையாகத் தரையில் சாய்த்தன. சுவரில் இருந்த ஆள் உயர எழுத்துகளில் 'போகாது' என்பதில் கடைசி இரண்டும் உதிர்ந்து, 'சால்ட்டரை விட்டுப் போ' என்று நின்றது. பக்கத்து வீட்டுக் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை, ஆலை வாசலில் கட்டியிருந்த நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை என்பதால் உள்ளே ஆள் இல்லை. டப் ஸீலி ஜன்னலுக்கு ஓடி, பழக்க தோஷத்தில், "வருது, வருது, வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டே இருந்தார், தொண்டை கட்டும்வரை. வெயில் சாய்கிறபோது கடைசிப் பந்து விழுந்தது. அந்தத் தெருவின் நிழல் போனது, வாடகையைப் பழையபடி குறைத்தார்கள்.

காப்பீட்டுக்காரர் வந்து பார்த்து, ஆலங்கட்டி மழைக்கு உண்டு, காற்றுக்கு உண்டு, பேஸ்பாலுக்குக் கிடையாது என்றார். கர்னல் ஒரு பந்தை நீட்டி இது ஆலங்கட்டிதான் என்று வாதாடினார், தையல் தெரிந்தது. ஆலை மூடிக்கிடந்த மாதங்களில் ஊரே கூரி கடைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தது. வேலை போனவர்கள் கர்னலைத் திட்டவில்லை, வதீஹாவைத் திட்டினார்கள். "ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தா நாலு வீட்டு அடுப்பு எரிஞ்சிருக்கும்" என்று தெருவில் நின்று சொன்னாள் ஒருத்தி. "அஞ்சு வருஷம் விழுங்கினேன். ருசி உனக்கும் தெரியுமே, நீயும்தானே வாங்கித் தின்னே" என்று கடைக்குள்ளிருந்தே பதில் போனது. அப்புறம் குழந்தைகளின் சட்டைகளில் பட்டன்கள் அறுந்தன, வேறு கடை அறுபது மைலில் இருந்தது, ஒவ்வொருவராக வந்தார்கள்.

கர்னல் ஆர்லிஸை விற்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. காகிதத்தில் அவன் சாகும்வரை சால்ட்டர் ஆட்டக்காரன். அதனால் அவன் அதன்பிறகு எந்த ஊரிலும் மட்டையைத் தொடவில்லை. கடையில் ஏணி ஏறி, உச்சித் தட்டில் இருந்த துணிக்கட்டுகளை எடுத்துக் கொடுத்தான், நாளெல்லாம் ஏறி இறங்கினான், முட்டி ஒருநாளும் வலிக்கவில்லை. வடக்கே போகும் லாரிக்காரர் ஒருவர் ஒரு குளிர்காலத்தில் கதவுக்குப் பின்னால் இருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்தார். வதீஹா அதை எடுத்துவந்தாள். கையில் வைத்திருக்கவில்லை, விலை சொல்லவில்லை; நேராக மேஜைமேல் போட்டாள். அந்தக் கடையின் சரித்திரத்தில் பேரம் இல்லாமல் போன சரக்கு அது ஒன்றுதான். நசீப் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பிளெட்சோ விருது இப்போதும் வருடா வருடம் கொடுக்கப்படுகிறது. ஆர்லிஸுக்கு அடுத்த வருடம் அது கிழக்கே ஒரு நூற்பாலை ஊர்க்காரனுக்குப் போனது. மறுமாதம் ஜனவரியில் கடைத் தொலைபேசிக்கு வெளியூரிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்தது. ஒரு பெண், ஜெனீவா என்று பெயர், மூச்சுவாங்கப் பேசினாள்.

"அக்கா, நீங்கதான் சால்ட்டர் அக்காவா? எங்க வீட்டுக்காரரு அடிக்கிற பந்து எல்லாம் மேலயே நிக்குதுக்கா. இங்க யாரும் கண்டுக்க மாட்டேங்கறாங்க. எனக்கு மட்டும்தான் இது சரியாப் படலை."

"எதுக்கு மேல நிக்குது?"

"மில் முதலாளி பங்களாவுக்கு மேலக்கா."

"முதலாளி அண்ணாந்து பாக்குறாரா?"

"போட்டோ எடுத்துக் காலண்டரே அடிச்சிட்டாரு."

"அடிக்கட்டும். உன் வீட்டுக்காரருக்கு வயசு என்ன?"

"இருபத்தெட்டுக்கா."

வதீஹா ஏணிப்பக்கம் பார்த்தாள். ஏணியின் உச்சியில் ஆர்லிஸ் ஒரு துணிக்கட்டை எடுத்தபடி அசையாமல் நின்றான்.

"அப்ப இன்னும் நேரம் இருக்கு. பந்தைப் பத்திக் கவலைப்படாதே, அது அதும்பாட்டுக்கு நிக்கும். நீ போய் எல்லார் முன்னாலயும் விலை என்னன்னு கேளு, டிசம்பர் வரைக்கும் காத்திருக்காதே. அதுவரைக்கும் உன் வீட்டுக்காரரை அந்த வெண்கலத்தைக் கீழ வெக்க விடாதே. கை வலிச்சா நீ கொஞ்ச நேரம் பிடி."

அதற்குப்பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் ஏதாவது ஓர் ஊரிலிருந்து அப்படி ஓர் அழைப்பு வருவது வாடிக்கையாயிற்று. சின்ன லீக் ஊர்களில் ஆலங்கட்டிக்கும் காற்றுக்கும் நடுவில் ஹோம் ரன்னுக்கும் ஒரு வரி சேர்த்துக் காப்பீடு எழுதுகிறார்கள். தவணை கொஞ்சம் கூடுதல், முதலாளிகள் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார்கள். ஜெனீவா பேசிய அன்றைக்கு வதீஹா தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது, மேஜைக்கு அந்தப்பக்கம் ஒரு பண்ணைக்காரி பச்சைச் சால்வையை இன்னும் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். வதீஹா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, சொல்லு, எங்கே விட்டோம்?" என்றாள்.